ஒன்பதாம் துறைக் காவலன்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. உன் வீடியோ கேமுக்கு வந்த பதினொரு விமர்சனங்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து, உன்னைப் புகழ்ந்த வரிகளுக்கு நீயே மஞ்சள் பூசி அனுப்பியிருக்கிறாய். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "ஊரே பேசுது, நீ மட்டும் வாயத் திறக்கல."

திறந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். போனில் ஐந்தாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது என்றுதானே அம்மா இறந்த பிறகு கடிதத்துக்கு மாறினோம்? மூன்று வருடமாக மாதம் ஒரு பென்டிரைவ் தபாலில் வந்தது. ஞாயிறு மதியம் ஆடிப் பார்த்து, எங்கே சரியில்லை என்று எழுதி, அதே பென்டிரைவைத் திருப்பி அனுப்பினேன். வேறு ஒரு ஜீவனுக்கும் நீ காட்டவில்லை. "உன்னைத் திருப்திப்படுத்திட்டா உலகத்தையே திருப்திப்படுத்தின மாதிரி" என்றாய். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, கேட்டாய், சொல்கிறேன். உன் ஆட்டம் நல்ல ஆட்டம். அதில் ஓடும் ஆறு அழகு. துடுப்பும் ஆயுதமும் மோதும் சத்தம் கேட்டால் எனக்கு மணிக்கட்டில் உறைக்கிறது. ஒரு படகோட்டி, ஒன்பது படகுத்துறை, துறைக்கு ஒரு காவலன். காவலன் கையை ஓங்குவதற்கும் இறக்குவதற்கும் நடுவே துடுப்பைத் தூக்கித் தடுக்க வேண்டும். தவறினால் ஆற்றில். இவ்வளவு குறைவான சரக்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒருவரை உட்காரவைப்பது சாமர்த்தியம்தான்.

ஆனால் அவர்கள் புகழ்வது இதை அல்லவே. பதினொரு பேரில் ஏழு பேர் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: "துறைக்குத் துறை காவலர்கள் மெதுவாக ஓங்குகிறார்கள், அந்தத் தாமதமே நம்மைக் கலங்கடிக்கிறது." தாமதம் கலங்கடிக்கும் என்றால் எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒரு விருது கொடுக்கலாம். அது போகட்டும். எந்தக் காவலன் மெதுவாக ஓங்குகிறான்? எனக்கு முதல் ஆளும் ஒன்பதாவது ஆளும் ஒரே வேகத்தில்தான் ஓங்குகிறார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருக்கிறார். இல்லாத ஒன்றுக்காக உனக்குப் பேர் கிடைத்திருக்கிறது என்பதுதான் என் கருத்து. கோபித்துக்கொள்ளாதே.

இங்கே நலம். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வழக்கமான வேலை. சொட்டுச் சொட்டாக ரசாயனம் விடும் கண்ணாடிக் குழாய், என் பியூரெட், அதன் திருகு சரியில்லை. நிறம் மாறும் சொட்டில் நிறுத்த முடியாமல் இரண்டு சொட்டு கூடிப் போகிறது. புதிது கேட்டிருக்கிறேன். உன் அத்தான் நான் கன்ட்ரோலரைத் தொடும்போதெல்லாம், "அம்பது வயசு ஆகப்போகுது, இன்னும் சண்டை போட ஆள் தேடுறா" என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். என்ன எழுத்து இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? தபால்தலைக்குப் பின்னால் எழுதிப் பழகுகிறாயா? முன்பெல்லாம் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரிதான் எழுதுவாய், அதில் பத்து வரி திட்டு.

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. போகட்டும், நீ என்றைக்கு என்னைப் புகழ்ந்தாய்? பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியபோது "அந்த ரெண்டு எங்க போச்சு"ன்னு கேட்டவள்தானே.

ஒரு செய்தி. ஏப்ரல் கடைசியில், பெரிய கம்பெனி இல்லாமல் தனியாகச் செய்யும் இண்டி கேம்களுக்கான விருது அறிவிக்கிறார்கள். இறுதிப் பட்டியலில் ஐந்து பேர். அதில் நான் ஒருவன். ராத்திரியும் பகலும் அதே கவலை. கிடைக்காமல் போய்விடுமோ என்றல்ல. கிடைத்தால் மேடையில் ஏறிப் பேசவேண்டும். "அந்தத் தாமதத்தை எப்படி வடிவமைத்தீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேட்டிக்குப் பேட்டி ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு விமர்சகர் கேமைக் கிழித்து ஒரு நீளக் கட்டுரை போட்டிருக்கிறார். யாராவது உனக்கு அனுப்பினால் படிக்காதே. வெறும் வயிற்றெரிச்சல். யாராவது உன்னைத் தேடிப்பிடித்துக் கேட்டால், எல்லாம் தம்பி யோசித்துச் செய்தது என்று மட்டும் சொல். கேமின் முடிவில் பேர்ப் பட்டியல் ஓடுகிறதே, அதில் 'சோதித்தவர்: அக்கா' என்று போட்டது தப்பாகப் போயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகத் தூங்குகிறாயா? சும்மா கேட்கிறேன்.

உன்
தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

படிக்காதே என்று நீ எழுதியதால்தான் தேடிப் படித்தேன். என்னை இத்தனை வருடம் தெரிந்தும் அப்படி எழுதினாயே.

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற பதினொரு பேரும் உணர்ச்சியை எழுதினார்கள். இவர் அளந்திருக்கிறார். நொடியை அறுபது பங்காக்கி, ஒவ்வொரு காவலனும் ஓங்கும் நேரத்தை எண்ணியிருக்கிறார். முதல் துறையில் இருபது பங்கு. மூன்றாம் துறையில் இருபத்து மூன்று. ஆறில் முப்பது. ஒன்பதில் முப்பத்தெட்டு. பிறகு எழுதுகிறார்: "இது கலை இல்லை. யாரோ ஒருவருக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. சோதித்தவர் பட்டியலில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் வரவரத் தளர்ந்திருக்கிறார். செய்தவரும் கூடவே தளர்த்திக்கொண்டு போயிருக்கிறார்."

முதலில் சிரித்தேன். உன்னை வசமாகப் பிடித்துவிட்டார் என்று. அப்புறம் தம்பி, அந்த எண்களை வரைபடத்தாளில் போட்டேன். தொழில் புத்தி. ஒன்பது புள்ளிகளையும் சேர்த்தால் சீராக ஏறும் ஒரு கோடு. நான் உனக்கு என்ன எழுதினேன்? முதல் ஆளும் ஒன்பதாவது ஆளும் ஒரே வேகம் என்று. இப்போதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நேற்றுக்கூட ஒன்பதாம் துறையை ஆடிப் பார்த்தேன், அன்றைக்கு முதல் துறை இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

காவலன் மெதுவாகிக்கொண்டே போகிறான் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், நானும் அவனோடு சேர்ந்து அதே அளவு மெதுவாகியிருக்க வேண்டும். இந்தக் கோடு உன் ஆட்டத்தின் கோடா, என் கையின் கோடா?

உன் அத்தானிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, சொல்லாமல் விடச் சொன்னேன். விட்டதும் நான் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற சோதனைதான். இடது கையில் இருபத்திரண்டு சென்டிமீட்டரில் பிடித்தேன். வலது கையில் ஆறு தடவை விட்டார். ஆறு தடவையும் ஸ்கேல் தரையில்.

"விளையாடாத, ஒழுங்காப் பிடி" என்றார்.

"பிடிக்கத்தான் பாக்கறேன்" என்றேன்.

அவர் ஸ்கேலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "காபி போடறேன்" என்று போனார். அவருக்குக் காபி போடத் தெரியாது.

உன்னிடம் என் பதிவுகள் இருக்குமே. எந்தத் தேதியில், எந்தத் துறையில், காவலன் ஓங்கிய பிறகு எத்தனை பங்கு கழித்து நான் பொத்தானை அழுத்தினேன் என்று பென்டிரைவில் எல்லாம் பதிவாகும் என்று ஆரம்பத்தில் சொன்னாய். அவற்றை அனுப்பு. முழுதாக. பதற வேண்டாம், கணக்குப் பார்க்கத்தான்.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எதையும் பெரிதாக்கிப் பார்ப்பாய். ஸ்கேல் ஒரு சோதனையா? அத்தான் ஒரு நேரம்போல் விட்டிருக்க மாட்டார். வயது ஏறினால் கை மெதுவாகத்தான் ஆகும். என் கையே முன்பு மாதிரி இல்லை. வேலைப்பளு, தூக்கமில்லை, கண்ணாடி மாற்றியிருக்க மாட்டாய்.

பதிவுகள் என்னிடம் இல்லை. கேமை வெளியிட்ட பிறகு இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டேன்.

அந்த விமர்சகருக்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். தாமதம் முதல் நாளிலிருந்தே திட்டமிட்டது, ஆறு கடலை நெருங்க நெருங்க வேகம் குறைவதுபோலக் காவலர்களும் குறைகிறார்கள் என்று. படிக்க நன்றாக இருக்கிறது. நீ ஒரு தடவை மொழியைப் பார்த்துக் கொடுத்தால் போட்டுவிடுவேன்.

வாரக் கடைசியில் எங்காவது போய்விட்டு வாருங்கள், இரண்டு பேரும்.

உன்
தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

நீ எதையும் அழிக்கிறவன் இல்லை. ஏழாம் வகுப்பில் உடைந்த காம்பஸை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறவன். பொய் சொல்வதென்றால் எனக்குத் தெரியாத விஷயத்தில் சொல்.

உன் பதிலை நான் திருத்த மாட்டேன். ஆறும் கடலும் நன்றாகத்தான் இருக்கின்றன. நடந்தது அது இல்லை.

இனி நான் சொல்வதைக் கேள். ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனை சோதனையே இல்லை. இதை மூன்று வருடம் முன்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான், வேலையே அதுதான். சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒரே ஆளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது செய்தேன். கன்ட்ரோலரை வாழ்நாளில் தொட்டிராத உன் அத்தானை ஒன்பதாம் துறையில் உட்காரவைத்தேன். மூன்றாவது தடவை தடுத்துவிட்டார். "இவன் என்ன, கையைத் தூக்கிட்டுத் தூங்கிட்டானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்.

புதன்கிழமை என் பக்கத்து மேசைக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வாரமா உங்க எண்ணு மட்டும் கொஞ்சம் கூடவே வருது. உங்க பியூரெட்டை நான் எடுத்துப் பாத்தேன். திருகு நல்லாத்தான் இருக்கு."

நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையை நம்பி எங்கோ ஒரு வீட்டில் குழாயைத் திறக்கிறார்கள். மூன்று வாரத்து மாதிரிகளையும் அவளையே திரும்பச் சோதிக்கச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, எல்லாம் பிழைக்கான வரம்புக்குள்தான். ஆனாலும் அன்றிலிருந்து நான் கையெழுத்துப் போடுவதில்லை. காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது எண்ணிக்கொண்டே போடுகிறேன். குளியலறையில் கதவைத் தாழிட மனம் வரவில்லை. திறக்க நேரமானால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வந்த நினைப்பு போகவில்லை.

ஏப்ரல் எட்டாம் தேதி நரம்பு மருத்துவரைப் பார்க்கிறேன். "எப்ப ஆரம்பிச்சது?" என்றுதான் முதலில் கேட்பார். என்னால் சொல்ல முடியாது. உன்னால் முடியும். அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

எல்லாப் பதிவுகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தொரு மாதம். தேதி வாரியாக அச்செடுத்தும் வைத்திருக்கிறேன், டாக்டருக்குச் சௌகரியமாக இருக்கும். வலப்பக்கக் கடைசிப் பத்தியைத்தான் பார்க்கவேண்டும். ஓங்கலுக்கும் உன் விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது.

எனக்குத் தெரியும் அக்கா. போன வருடம் மார்ச்சிலிருந்து தெரியும்.

ஆறாம் துறை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நாற்பத்தேழு தடவை தோற்றாய். "இந்தக் காவலன் அநியாயக்காரன், மனுஷனால் முடியாது, சரிசெய்" என்று எழுதினாய். நான் ஆடினேன், முதல் தடவையே ஜெயித்தேன். நான் செய்த கேம், என் கைக்குப் பழகியது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் பதிவைத் திறந்தேன். நீ ஒரு தடவைகூட அழுத்தத் தவறவில்லை. நாற்பத்தேழு தடவையும் அழுத்தியிருக்கிறாய். கவனம் சிதறியிருந்தால் எண்களும் சிதறியிருக்கும். சிதறவில்லை. எல்லாம் ஒரே மாதிரி, பிந்தி. முந்தைய ஐந்து துறைகளையும் எடுத்துப் பார்த்தேன். படிப்படியாக ஏறியிருந்தது. நீ 'கொஞ்சம் வேகம்' என்று எழுதியபோதெல்லாம் யோசிக்காமல் நானும் காவலனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியிருந்தேன்.

போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரை அழுத்தப் போனேன். வைத்துவிட்டேன். காவலனை மெதுவாக்கினேன்.

அடுத்த கடிதத்தில் "இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதினாய். அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உனக்கே சரியாகிவிட்டது போல. அதன் பிறகு மாதாமாதம் அதைத்தான் செய்தேன். பென்டிரைவ் திரும்பி வந்ததும் முதலில் கடைசிப் பத்தியைத்தான் பார்ப்பேன். எண் ஏறியிருந்தால் காவலன் ஓங்கும் நேரத்தையும் ஏற்றுவேன். நீ ஜெயித்துக்கொண்டிருந்தால் உனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு. முட்டாள் கணக்கு. அம்மாவுக்கு நோய் வந்தபோதும் நான் இப்படித்தான் அறைக்குள் வராமல் வராண்டாவிலேயே நின்றேன்.

அந்தத் தாமதத்துக்குத்தான் எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். பேட்டியில் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றுவேன். அவர்கள் அதையும் கலைஞனின் அடக்கம் என்று எழுதினார்கள்.

விருதுப் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறேன். ஒன்பது காவலர்களையும் இருபது பங்குக்கே மாற்றி, கேமைத் திரும்ப வெளியிட்டுவிடுகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மன்னித்துவிடு என்று எழுதத் தைரியம் இல்லை.

தம்பி

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கவேண்டும் என்று கோடு போட்ட தாளில், ஒரு வரிக்கு இரண்டு கோடு எடுத்து எழுதுகிறேன். சிறுத்துப்போன எழுத்தும் இதில் சேர்த்திதானாம். நீ கேலி செய்தது சரியான கேலி.

மருத்துவர் இளைய வயதுப் பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்டிக்கொண்டே வந்து, விரல்களின் விரிவு குறைந்துகொண்டே போய், நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அறையில் உன் அத்தான், மருத்துவர், நான். மூன்று பேரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கின்சன் என்றார். "நடுக்கமே இல்லையே டாக்டர்" என்றேன், ஏதோ தேர்வில் மதிப்பெண்ணுக்கு வாதாடுகிறவள் மாதிரி. "எல்லாருக்கும் நடுக்கத்துல ஆரம்பிக்காது. சிலருக்கு மெதுவாகறதுதான் முதல்ல வரும்" என்றார். இன்னும் சில சோதனைகள் உண்டு. ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் இல்லை.

உன் தாள்களைக் கொடுத்தேன். வெகுநேரம் புரட்டினார். "இதை யாரு எடுத்தது? இவ்வளவு சீரான பதிவு எங்ககிட்டயே இருக்காது" என்றார். "என் தம்பி" என்றேன். "உங்க மேல ரொம்ப அக்கறை போல" என்றார். நான் தாள்களை வாங்கி அடுக்கினேன்.

ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "நோய் நின்னிருக்காது. மருந்து ஒரு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கலாம். இந்த ஒரு வருஷம் கை இன்னும் கொஞ்சம் இலேசா இருந்திருக்கும்." அவ்வளவு. அந்த ஒரு வருடத்தை நீ எடுத்துக்கொண்டாய். எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நானும் உன்னைப்போல ஆகிவிடுவேன்.

ஆனால் நீ மட்டுமா? "மனுஷனால் முடியாது" என்று எழுதியவள் நான். என்னால் முடியவில்லை என்று எழுத வராமல், காவலன்மேல் பழி போட்டேன். பியூரெட்மேல் போட்டேன். விமர்சனம் எழுதிய ஏழு பேரை மந்தை என்று சொல்லவிருந்தேன், நல்லவேளை எழுதவில்லை.

இப்போது, உன் ஆட்டம் எப்படி என்று நீ முதலில் கேட்டதற்கு வருகிறேன். உன் போன கடிதத்தை மருத்துவர் வாசலில் காத்திருக்கும்போது திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து உன் அத்தானை முதல் துறையிலிருந்து ஒன்பது வரைக்கும் ஆடச் சொன்னேன். முன்பு ஒன்பதை மட்டும்தானே ஆடினார். இரண்டு மாலை ஆயிற்று. கடைசிக் காவலன் கையை ஓங்கியபோது அவர் உடம்பே விறைத்திருந்தது. ஜெயித்தும் எழுந்திருக்கவில்லை. "அன்னிக்குத் தூங்கறான்னு சொன்னேன்ல? தூங்கல. அடிக்கப் போறான்னு தெரியுது, எப்பன்னு தெரியல. அதான் தாங்க முடியல" என்றார். அப்புறம் வெகுநேரம் என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆக, அந்த ஏழு பேர் பார்த்தது இருக்கிறது. கட்டுரையாளர் அளந்ததும் இருக்கிறது. உன் ஆட்டத்துக்கு அந்தப் பேர் தகும். நீ அதைத் திட்டமிட்டதாகச் சொல்லிக்கொள்வதுதான் தகாது. காவலர்களைத் தொடாதே. பட்டியலிலிருந்து விலகாதே. அந்த விமர்சகருக்கு, 'நீங்கள் அளந்தது சரி, ஒருவருக்காகத் தைத்ததுதான்' என்று ஒரு வரி எழுது. அந்த ஒருவர் யார், அவருக்கு என்ன என்று ஒரு எழுத்தும் சொல்லாதே. மேடையில் கேட்டாலும் சொல்லாதே. கை என்னுடையது.

இனி வேலையில் நான் அறிக்கைகளைச் சரிபார்ப்பேன். சொட்டு எண்ணுவது பக்கத்து மேசைக்காரி. நானே கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றம். மருந்து தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. காலையில் விழித்ததும், கண்ணைத் திறக்கும் முன்னால், போர்வைக்குள் விரலை அசைத்துப் பார்க்கிறேன். அசைகிறது. ஆனாலும் எழுந்துகொள்ளப் பயமாக இருக்கிறது, தம்பி. இந்த வார்த்தையை நான் உனக்கு இதுவரை எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

போன் செய்யாதே. நேரில் வா. சண்டை வந்தால் வரட்டும்.

உன்னிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுத் திறந்துகொண்டு வந்துவிடாதே. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உன் அத்தானைக் கூப்பிடவும் வேண்டாம். மணியை அடித்துவிட்டு வாசலில் நில். எனக்கு வர நேரமாகும். எவ்வளவு நேரமானாலும் நில். நான் வந்து திறக்கிறேன்.

அக்கா